கூட்டல் குறியின் கீழ்மூலை

ஃபெரியின் மேல்தளத்தில், ஈரக் கம்பியின்மேல் சலேஹா விரலால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள். மூட்டத்தில் எதிரே பட்டர்வொர்த் கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எதிரே வரும் ஃபெரி மங்கலாய்த் தோன்றி, விலகி, கரைந்துபோகிறது. "இறங்கலயாக்கா?" என்று யாராவது தோளைத் தொட்டால்தான் கரை வந்தது அவளுக்குத் தெரியும். ஒருநாள் யாரும் தொடவில்லை. அதே ஃபெரியில், ஏறிய இடமான ஜார்ஜ்டவுனுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

வீடு சூலியா தெருவில், அத்தர் கடைக்கு மேல்மாடி. வேலை அக்கரையில், பிறை என்னும் ஊரில், சிப் செய்யும் ஃபேக்டரியில், கணினிக்கு நிரல் எழுதுவது. தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பாள். ஆறவிட்டதையே மறந்தும் போவாள். பேச்சின் நடுவே கண் எங்கோ போய்விடும். "கொஞ்சம் இருங்க, சுத்திட்டு வர்றேன்" என்பாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டாள்.

அவள் சுற்றுவது தாளில் உள்ள தீவுகளை. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்தால் அவளுக்கு அது ஒரு கடல். ஒன்றின் போக்கு கிழக்கே, மற்றதன் போக்கு வடக்கே. இரண்டும் சேர்ந்து எதுவரை வந்தன என்பதைக் காட்டும் புள்ளி, படகு. இரண்டும் ஒரே பொருளைப் பிடிக்கப் பார்க்கும் இடம், படகு ஏற முடியாத தீவு. படகு முன்னால் மட்டுமே போகும்; காலம் திரும்பாதே. "நெளிஞ்சு போனாலும் நேரா போனாலும், தீவுக்கு இந்தப் பக்கம்னா எல்லாம் ஒரே வழிதான் லா" என்பாள், கனவில் பேசுவதுபோல.

தொண்ணூற்று நான்கில் ஃபேக்டரியில் இரண்டு இயந்திரக் கைகள் திடீர் திடீரென்று உறைந்து நின்றன. இரண்டுக்கும் சேர்த்து, சிப் வைக்க ஒரே தட்டு, நகர ஒரே தடம். லெட்சுமி ஓட்டும்போது மட்டும்தான் இப்படி ஆனது. தாசேக் கெலுகோரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அவளைப்போல வேகமாக இயந்திரத்துக்குச் சிப் ஊட்ட அங்கே ஆளில்லை. சூப்பர்வைசர் நாகநாதன் முடிவுகட்டிவிட்டார்.

"மத்தவங்க ஓட்டினா ஓடுது. இவ கைதான் சரியில்ல. இந்த வாரத்தோட நிறுத்திருவோம்."

கழிவறை வாசலில் லெட்சுமி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்ததை சலேஹா கண்டாள். அன்று மதியம் சாப்பிட எழவில்லை. வரைந்தாள். இடக்கை தட்டை எடுத்துக்கொண்டு தடத்துக்குக் காத்திருக்கும். வலக்கை தடத்தைப் பிடித்துக்கொண்டு தட்டுக்குக் காத்திருக்கும். தாளில் தட்டின் தீவு படுத்துக் கிடந்தது. தடத்தின் தீவு அதன் குறுக்கே நின்றது. சேர்ந்து பார்த்தால் கூட்டல் குறி. அதன் இடது கீழ்மூலையில் சின்னதாய் ஒரு வளைகுடா. நுழைந்த படகுக்கு முன்னே வழியில்லை. பின்னே போக விதியில்லை. மெதுவாக ஊட்டினால் ஒரு கை முடித்த பிறகே மறுகை கிளம்பும், படகு ஓரமாய்ப் போய்விடும். லெட்சுமியின் வேகத்தில் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. படகு நேரே வளைகுடாவுக்குள்.

"அண்ணே, அந்தப் பொண்ணு கையில ஒண்ணுமில்ல. படத்துல இந்த மூலையிலதான் பொந்து இருக்கு."

நாகநாதன் தாளைப் பார்த்தார். "படம் வரைஞ்சா மெஷின் ஓடுமா சலேஹா? எத்தன வாட்டி டெஸ்ட் பண்ணியாச்சு!"

"அத்தனையும் தீவைச் சுத்திப் போன வழிண்ணே. பொந்துக்குள்ள ஒருவாட்டியும் போகல. ரெண்டு கையும் மொதல்ல தடத்த எடுக்கட்டும், அப்புறம் தட்டு. பொந்து மூடிக்கும்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, மாத்துங்க. திரும்ப நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது லா."

நிரலில் அந்த வரிசையை மாற்றினாள். தாளில் கூட்டல் குறி சதுரமாகப் பருத்தது; வளைகுடா தூர்ந்தது.

மறுநாள் அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். "ஃபுல் ஸ்பீடுல ஊட்டும்மா" என்றார் நாகநாதன். லெட்சுமி ஊட்டத் தொடங்கினாள். அதன்பிறகு அந்த இயந்திரக் கைகள் ஒருபோதும் உறையவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. எல்லோர் கழுத்தும் இயந்திரத்தின் பக்கம் நீண்டிருந்தது. சலேஹா மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, ஓயாமல் ஓடும் கைகளால் துடைத்துக்கொள்ள முடியாத லெட்சுமியின் நெற்றி வியர்வையைத் தன் முக்காட்டு நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.