சித்தி அழுத வீடியோ

சித்தி காலமானதைக் கேள்விப்பட்டு, குடியேறியவர்களுக்கு உதவும் அந்தச் சங்கம் தன் பக்கத்தில் ஓர் அஞ்சலிக் குறிப்பு போட்டிருக்கிறது. "கண்ணீரால் பல்லாயிரம் நெஞ்சங்களைக் கரைத்த மென்மையான தாய்" என்று அதில் இருக்கிறது. சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. மென்மை அதைவிட இல்லை. அந்தக் கண்ணீரைப் பற்றியாவது உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சித்தி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகள் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும். ஒரு முனையை இவளும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். எதிரே நிற்பவள் கை கொஞ்சம் தளர்ந்தால், "என்னம்மா, விரிப்புக்குத் தாலாட்டா?" என்பாள். அவளோடு ஜோடி சேரப் பயந்தவர்களே அதிகம்.

சித்தப்பா டெலிவரி வேன் ஓட்டினார். தங்குவதற்கான அனுமதி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் ஏதோ மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சாலைச் சோதனையில் பிடிபட்டார். நேராகத் தடுப்பு முகாம். அங்கிருந்து வெளியே வர இரண்டு வழிகள்தான்: ஜாமீனில் வீடு, இல்லையென்றால் ஊருக்கு விமானம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போவாள். அந்தப் பஸ்ஸில் அறிமுகமானவள்தான் "பக்கத்து சீட்டுக்காரி". சித்தி வைத்த பெயர். அவள் கணவர் பெயிண்டர். எப்போதோ ஒரு கைகலப்பில் ஒருவனை அடித்து, அதற்குத் தண்டனையும் அனுபவித்து முடித்தவர். பிறகு அந்தக் கேஸைக் காட்டியே அவரையும் முகாமில் போட்டுவிட்டார்கள். தன் கணவருக்காக ஒரு வீடியோ எடுத்துத் தரும்படி அவள் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள். "அடிதடி கேஸ்னா ஜனங்களுக்கு இரக்கம் வராதும்மா" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சித்தியை அவர்களே தேடி வந்தார்கள். சித்தப்பா பெயரில் ஓர் அபராதம்கூடக் கிடையாது. ஜாமீன் விசாரணைக்கு முன்னால் பொதுமக்களின் கையெழுத்துகள் குவிந்தால் நல்லது என்று வக்கீலும் சொல்லியிருந்தார்.

கேமராக்காரப் பெண் இரண்டு பைகளோடு வந்தாள். நல்ல வெயில் காலம். வந்ததும் மின்விசிறியை நிறுத்தினாள், சத்தம் பதிவாகுமாம். ஃபிரிட்ஜையும் நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். வெளிச்சம் முகத்தில் விழ ஒரு வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்து நிற்கவைத்தாள். கடைசியாக, கொடியில் கிடந்த சித்தப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துக் காலி நாற்காலியில் போட்டாள்.

"அது எதுக்கும்மா?"

"அவர் இல்லாத குறை தெரியணும்க்கா."

"இந்தச் சட்டைய அவர் ஒரு நாள் போட்டதில்ல. நான் வாங்கிக் குடுத்தது, கலர் பிடிக்கலையாம். நான்தான் தரை துடைக்க வச்சிருக்கேன்."

நான் அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். முந்தைய இரண்டு வீடியோக்களும் எடுபடாமல் போய், அந்த இரண்டு பேரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பதற்றம் அவள் முகத்தில் இருந்தது.

"அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கக்கா."

"கோபக்காரர். சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா ஊருக்கே கேக்கும். சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு வருஷம் முழுக்கச் சொன்னேன், நாளைக்குப் பாக்கறேன்னே காலத்தை ஓட்டிட்டார்."

"அக்கா, ஜனங்க அரை நிமிஷத்துல வீடியோவத் தள்ளி விட்டுட்டுப் போயிடுவாங்க. நல்லதா ரெண்டு வார்த்தை…"

அப்போது முகாமிலிருந்து சித்தப்பாவின் போன் வந்தது. நடப்பதைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள் சித்தி.

"சொல்லித் தொலையேன்," என்றார் அவர். குரல் மெலிந்திருந்தது. "தங்கமான மனுஷன்னு ஒரு வார்த்தை. வாய் வலிக்குமா உனக்கு? எனக்கு இங்க தூக்கமே இல்ல."

"தங்கம்னாத்தான் விடுவாங்கன்னா, பெயிண்டர் என்ன ஆவார்?"

"ஊரான் கவலை உனக்கெதுக்கு? நான் வர வேண்டாமா?"

நேரம் முடிந்து போன் தானாகத் துண்டித்துக்கொண்டது. சித்தி அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள்.

பிறகு கேமராவைப் பார்த்துப் பேசினாள். "நல்லவர்ங்கறதுக்காக விடச் சொல்லல. நல்லவர் கெட்டவர் எல்லா வீட்லயும்தான் இருக்காங்க. என் வீட்டு ஆளு அவர். அவர் வீட்ல இருக்கணும். அவ்வளவுதான்." பேசப் பேச முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடைத்த அறையில் எங்கள் மூவருக்கும் துணி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீடியோ வந்தபோது சலவைக்கூடத்தில் இடைவேளை. ஒருத்தியின் போனில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உப்பும் இல்லை, குழாயும் இல்லை. காலி நாற்காலியில் சட்டை. "என் வீட்டு ஆளு அவர்," என்கிறாள் சித்தி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறாள். பின்னால் வயலின் அழுகிறது. மறுபடியும் துடைக்கிறாள். கையெழுத்துப் போடச் சொல்லி எழுத்துகள் வருகின்றன. சுற்றி நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

சித்தி அங்கிருந்தே கேமராக்காரப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். "நான் எங்கம்மா அழுதேன்? வேர்த்துச்சு! நீதானே ஃபேன நிறுத்தின!"

"தெரியும்க்கா. எங்க தலைவர்தான், துடைக்கற இடத்துல வயலின் போட்டா போதும்னு… இப்ப எடுத்துட்டா எல்லாம் போயிடும்க்கா. கையெழுத்து வந்து கொட்டிக்கிட்டிருக்கு. விசாரணை வேற பக்கத்துல வந்துடுச்சு."

சித்தி போனை வைத்துவிட்டாள். அந்த வார ஞாயிறு நானும் பஸ்ஸில் கூடப் போனேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து ஜன்னலோரத்தைச் சித்திக்கு விட்டுக்கொடுத்தாள்.

"பாத்தேன்க்கா. நானே அழுதுட்டேன். உங்க ஆளு வந்துடுவார். எங்க ஆளுக்காக நான் அழுதா யாருக்கா பாப்பாங்க?"

அதில் பொறாமை இல்லை. அதுதான் சித்தியைச் சுட்டது. முகாமிலிருந்து திரும்பி வந்து கேமராக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தாள். "அது அப்படியே இருக்கட்டும். எனக்கு அவர் வேணும். ஆனா அவர் வந்தப்புறம் நான் ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

ஜாமீன் கிடைத்தது. வீடியோவாலா, வக்கீலாலா, யாருக்குத் தெரியும்? சித்தப்பா பாதியாக இளைத்து வந்தார். ஒரு வாரம் அவரை நன்றாகச் சாப்பிடவைத்தாள், திட்டாமல். அதுவே அவருக்குப் பயமாக இருந்ததாம்.

அடுத்த வாரம் அவரையும் பக்கத்து சீட்டுக்காரியையும் இழுத்துக்கொண்டு சங்கத்து அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் எழுந்து கைகூப்பினார்.

"இவ வீட்டுக்காரருக்கும் எடுக்கணும்," என்றாள் சித்தி.

"அவர் கேஸ் கொஞ்சம் சிக்கல்மா. நல்லதா சொல்ல எதுவும்…"

"நல்லதா எதுவும் வேண்டாம். கேஸையும் மறைக்க வேண்டாம். இவ பேசுவா. உள்ள கூட இருந்தவர்னு என் வீட்டுக்காரர் பேசுவார். வேண்டாம்னா சொல்லுங்க, அந்த வீடியோல இருந்து என் முகத்தை எடுத்துடுங்க. நான் அழலன்னு எல்லாருக்கும் நானே சொல்லிக்கறேன்."

தலைவர் கேமராக்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பையைத் திறந்துகொண்டிருந்தாள்.

சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் நெளிந்தார். "நான் என்ன சொல்றது? அந்த ஆளப் பத்தி உனக்குத் தெரியாது. சீட்டாட்டத்துல கூச்சமே இல்லாம ஏமாத்துவார்."

"அதையே சொல்லுங்க," என்றாள் சித்தி.

சித்தப்பா கேமராவைப் பார்த்தார். விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெயிண்டர் என்னோட அறையில இருந்தார்," என்று ஆரம்பித்தார். "சீட்டாட்டத்துல ஏமாத்துவார்."