ஒயரைக் கழற்றிய பிறகும்

ஒரே கடை, நடுவில் ஒரு பலகை. இந்தப் பக்கம் நான் சாவி போடுகிறேன், அந்தப் பக்கம் அவள் போன் ரிப்பேர் பார்க்கிறாள். டிஸ்ப்ளே டாக்டர் என்று அவளுக்குப் பட்டம் வைத்ததே நான்தான். கூட்டம் என்னவோ அவள் பக்கம்தான்.

அவளுக்கு மூக்கின் மேல் கோபம். சிலர் போனின் பின்பக்கம் பேப்பர் ஒட்டி, ரகசிய எண்ணையும் எழுதிக் கொடுப்பார்கள். "வீட்டுச் சாவியையும் குடுத்துட்டுப் போங்க, பக்கத்துல அண்ணன் டூப்ளிகேட் போட்டுக்குவாரு" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அதைப் பிளேடால் சுரண்டி எடுப்பாள். எண்ணை அவர்களே அழுத்த வேண்டும், இவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வேலை முடிந்ததும் அந்தப் போனிலிருந்து தன் நம்பருக்கு ஒரு கால் போட்டு, தானே ஹலோ சொல்லித் தானே பதில் சொல்வாள். முற்றிவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன்.

அன்று மதியம் ரொட்டிக்கடை மாஸ்டர் வந்தார். கையெல்லாம் மாவு.

"தங்கச்சி, போன் தானா நகருது. காலையிலேருந்து நகர நகர ஆஃப் பண்ணிட்டே இருக்கேன்."

கீறல் விழுந்த திரையில் பக்கங்கள் மெல்லப் புரண்டுகொண்டிருந்தன.

"பேய் டச்சுண்ணே. டிஸ்ப்ளே அடிபட்டா இப்படித்தான் ஆடும். மாத்திடலாம்."

"சீக்கிரம்மா. திங்கக்கிழமை என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். சேர்த்ததெல்லாம் இந்த போன்ல இருக்கற பேங்க் கணக்குலதான் கெடக்கு."

என் வாய் சும்மா இருக்குமா? எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்டேன். காலை ஒன்பது மணிக்கு, இருதயத்தில் அடைப்பு, இந்த முறை தள்ளிப்போட்டால் தாங்காது என்று அந்த மனுஷன் கண்கலங்கச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் புது டிஸ்ப்ளே ஏறியது. அவள் வழக்கம்போலத் தன் நம்பருக்குப் பேசிப் பார்த்தாள். எல்லாம் சரி. போனை மூடப் போகும்போது திரை மறுபடி நகர்ந்தது.

அவள் முகம் சுருங்கிப்போனது. அந்த மாடலில் படம் வர ஒரு ஒயர், விரல் தொடுவதை உணர இன்னொரு ஒயர். இரண்டாவதைக் கழற்றினாள். "இப்போ தொடுங்கண்ணே" என்றாள். நான் அழுத்தினேன், அசையவில்லை. மாஸ்டரும் அழுத்தினார், அசையவில்லை.

நாங்கள் மூவரும் கையை எடுத்தோம். திரை நகர்ந்தது.

பேங்க் பக்கம் திறந்தது. ரகசிய எண் கேட்டது. ஒரு புள்ளி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவசரமே இல்லை.

"உள்ள யாரோ இருக்காங்க" என்றாள் அவள். மூன்றாவது புள்ளி விழும்போது நகத்தாலேயே பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

மாஸ்டர் அப்போதுதான் சொன்னார். காலையில் பேங்கிலிருந்து என்று ஒரு கால். கணக்கு முடங்கிவிடும், இந்த ஆப்பைப் போட்டு ஒருமுறை எண்ணை அழுத்திக் காட்டுங்கள் என்றார்களாம்.

"எந்த பேங்க்ணே போன் பண்ணி ஆப் போடச் சொல்லுது?" என்று கத்தியவள், சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்களாவது ஆஃப் பண்ணிட்டே இருந்தீங்க. நான் டிஸ்ப்ளேன்னு சொல்லி அவன் கையிலேயே விட்டு வெச்சிருந்தேனே."

மாஸ்டர் மடியிலிருந்த பாஸ்புக்கில் அச்சடித்திருந்த நம்பருக்கு என் போனிலிருந்து அடித்துக் கணக்கைப் பூட்டச் சொன்னோம். பணம் அப்படியே இருந்தது. மாஸ்டர் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீங்க டெஸ்ட் பண்ணினப்போ உங்க நம்பர் வந்துச்சு, குறிச்சுக்கிட்டேன்." மரியாதையான, இளகிய குரல். "பக்கத்துல சாவிக்காரர் ரொம்பப் பேசறாருக்கா, மைக்குல எல்லாம் கேட்டுச்சு. ஆபரேஷன் திங்கக்கிழமை ஒன்பது மணிக்குத்தானே? அந்த அம்மாவுக்கு நல்லபடியா முடியட்டும்."

கால் துண்டானது.

"அதே குரல்தான் தங்கச்சி" என்றார் மாஸ்டர். "காலையில சாப்பிட்டீங்களான்னு கூடக் கேட்டுச்சு."

அந்த அம்மாவின் இருதயத்தைப் பற்றி நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அவன் முதல் புள்ளியை வைத்திருக்கிறான்.