செவ்வாய்ப் பனி சறுக்காத நாள்

என் துறைத்தலைவர் வெளியூரிலிருந்து வந்த குழுவின் முன்னால் அசிங்கப்பட்டு நின்ற நாளில், வீட்டுக்குப் போகும் வழியில் காந்தி வீதிக் கடையில் நின்று சுடச்சுட ஜிலேபி வாங்கித் தின்றேன். எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டருக்குத் தெரிந்தால் கத்துவார். கத்தட்டும். முந்தின ராத்திரியெல்லாம் வயிறு எரிந்தவளுக்கு அதுகூட வேண்டாமா?

புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் ஒரு கல்லூரியில், இயற்பியல் துறையில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை முடிந்துவிடும். கல்லூரி திறக்கும்போது கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். "நீயாவது யாரும் போன்னு சொல்ல முடியாத வேலையா பாத்து உக்காரும்மா" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம். நானும் உட்காரத்தான் பார்த்தேன்.

அதற்கு எனக்குக் கிடைத்த வழி செவ்வாய்க் கிரகம். அங்கே துருவப் பகுதியில் குளிர்காலம் வந்தால் காற்றே உறைந்து தரையில் படிந்துவிடும். அங்குள்ள காற்று பெரும்பாலும் கரியமில வாயு. அது உறைந்தால் நாம் டிரை ஐஸ் என்கிறோமே, அதேதான். வசந்தத்தில் வெயில் ஏறியதும் அது உருகித் தண்ணீராவதில்லை, நேராக ஆவியாகிப் போகும். மணல்குன்றுகளின் உச்சியில் படிந்தது கட்டி கட்டியாக உடைந்து சரிவில் இறங்கும். அடியில் கிளம்பும் ஆவியே கட்டியைத் தூக்கிப் பிடிப்பதால் அது வழுக்கிக்கொண்டு போகும், போன வழியில் நீளமாக ஒரு வாய்க்கால் விழும். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு குழி இருக்கும். கட்டி அங்கே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காற்றோடு போயிருக்கும். விண்கலம் எடுத்த படங்களில் இந்த வாய்க்கால்களைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓடிய தடமோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தார்கள்.

வருஷா வருஷம் வசந்தத்தில் புதுத் தடங்கள் விழுவதைப் படம் படமாக ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. எந்தச் சரிவில், எவ்வளவு பெரிய கட்டி, எப்படிப்பட்ட தடம் போடும் என்று கல்லூரியிலேயே செய்து அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. என் கணவர் சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். குளிருக்காக மருந்துப் பெட்டிகளில் வைத்து அனுப்பியது போக மிஞ்சும் டிரை ஐஸைக் கேட்டு வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் மணல் அள்ளி, சாய்த்து வைத்த பலகையில் பரப்பி, கட்டியை மேலே வைத்தேன். அது பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. எத்தனை முறை வைத்தாலும் அதே கதைதான்.

ஏன் என்று பிடிபட ரொம்ப நாளானது. கடல்மணல் கைக்குக் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டிரை ஐஸ் பட்டதும் அந்த ஈரம் உறைந்து கட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் பீச் ரோட்டில் வேர்க்கடலை வாங்கப் போனபோது, வண்டிக்காரர் மணலில் கடலையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். அந்த மணல் தண்ணீர் மாதிரி கரண்டியிலிருந்து ஓடியது. அட, இதுதானே! வீட்டுக்கு வந்து கடல்மணலை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க ஆரம்பித்தேன்.

"இன்னாடி, இன்னைக்கு மணல் பொரியலா?" என்றார் கணவர்.

"ஆமா. ரசமும் வச்சித் தரேன், பேசாம தின்னு."

"ஜாதகத்துல இருந்த செவ்வாய் போதாதுன்னு அடுப்படிக்கும் கொண்டாந்துட்ட." சொல்லிவிட்டு அவரே கரண்டியை வாங்கிக் கிளற ஆரம்பித்தார்.

வறுத்த மணலில் கட்டியை வைத்ததும், தொடக்கூட இல்லை, உஸ்ஸென்று கிளம்பிக் கீழே போயிற்று. பின்னாலேயே அழகாக ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சின்னக் கரை. நானும் அவரும் கைதட்டிச் சிரித்தோம்.

மறுநாளே கல்லூரியில் துறைத்தலைவருக்குச் செய்து காட்டினேன். "பிரமாதம்மா" என்றார். மணலை என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் நிறையச் சொல்லியிருப்பேன். நீ சேர்த்த படங்கள், தடங்களின் அளவுகள், செவ்வாயைப் பற்றி எழுதியது எல்லாம் கொடு, ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன், பார்க்க ஒரு குழு வரும், திட்டம் கிடைத்தால் அதில் உனக்கு ஒரு வேலை, பிறகு நிரந்தரமாகவே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

குழு வருவதற்கு முந்தின நாள் துறைத்தலைவர் தன் கணினியை என் முன்னால் திருப்பி வைத்தார். "எழுத்து சின்னதா இருக்கும்மா, பெருசு பண்ணிக் குடு." பார்த்தேன். என் படங்கள், என் வரிகள், என் அளவுகள். முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார், அதிலும் நான் இல்லை, கல்லூரி நிர்வாகம்தான் இருந்தது. திட்டத்தில் வேலைக்கு யார் பெயர் என்று பார்த்தால் அவருடைய மச்சினன் பையன்! அவர் பெயரை நானே பெரிதாக்கிக் கொடுத்தேன். பெரிதாக்கும்போதே மனசுக்குள், இருடா மவனே, என்றும் சொல்லிக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

செய்ய வேண்டியதை மறுநாள் காலையில் அவரே செய்துவிட்டார். பலகையில் நான் பரப்பி வைத்திருந்த, பல தடவை வறுத்துக் கறுத்துப்போன மணலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கருகிப்போன மாதிரி? அடுப்புலேர்ந்து அள்ளிட்டு வந்தியா? குழு வர்ற நேரத்துல மானத்த வாங்காத." அட்டெண்டரைக் கூப்பிட்டார். "இதக் கொட்டிட்டு பீச்சுலேர்ந்து நல்லா பளிச்சுனு மணல் எடுத்துட்டு வாய்யா."

"சார், அந்த மணல்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ டீ வடைய பாத்துக்கோம்மா. பலக கிட்ட வராத."

சரி என்று டீயைப் பார்க்கப் போனேன். நல்ல கார்த்திகை மாதம், முந்தின நாள்தான் மழை பெய்து விட்டிருந்தது. மணல் கோணிப்பையில் வந்தது. பளிச்சென்றுதான் இருந்தது.

குழுவில் தலைவியாக வந்த பெண்மணி முன் வரிசையில் உட்கார்ந்தார். சார் செவ்வாயின் குளிர்காலத்தைப் பற்றி என் வரிகளில் அருமையாகப் பேசினார். கையுறை போட்டுக்கொண்டு கட்டியை எடுத்துப் பலகை உச்சியில் வைத்தார். "இப்போ பாருங்க" என்றார். எல்லோரும் பார்த்தோம். கட்டி புகைந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளியதும் அடியில் ஒட்டிய மணலோடு பெயர்ந்து, தொப்பென்று குப்புற விழுந்தது. பின்னால் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தலைவி நல்லவர். "டீ குடிச்சிட்டு இன்னொரு தடவ பாக்கலாமே" என்றார்.

டீ மேசைக்குச் சார் நேராக என்னிடம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "மணல என்னம்மா பண்ணின? சொல்லு. ஒன் வேல நிரந்தரம், நான் பொறுப்பு. ஒன் பேரயும் போட்டுடறேன்." அவர் கெஞ்சியது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அலசி வறுக்கணும் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லூரிக்கு அடுத்த தெரு டீக்கடையிலேயே அடுப்பு இருக்கிறது, வேலை என் கைக்கு வந்துவிடும். அப்பாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கூடவே அந்த முதல் பக்கமும் வந்தது.

"சக்கர போடவா சார்?" என்றேன்.

இரண்டாவது முறையும் கட்டி ஒட்டிக்கொண்டது. தலைவி அறையைச் சுற்றிப் பார்த்தார். "இத சாரைத் தவிர வேற யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?" சாரின் கண் என் மேல் விழுந்தது. நான் முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாகச் சொன்னேன்.

"இல்ல மேடம். எல்லாமே சாரோட சொந்த முயற்சி. எங்கள யாரையும் தொடக்கூட விடல."

இது இவள் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி என் தலையில் விழுந்து அவர் தப்பித்திருப்பார். ஆனால் திரையில் அவருடைய பெயர், நான் பெரிதாக்கிய எழுத்தில், பெரிதாக நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

திட்டம் வேறு ஊருக்குப் போயிற்று. கோடை முடிந்து கல்லூரி திறந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவிடம் சொன்னபோதுதான் அழுதேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன்.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், இளைத்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நானும் எத்தனையோ மணல்ல பாத்துட்டேம்மா. இப்பவாவது சொல்லு. என்னதான் பண்ணின?"

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன். கத்தரிக்காய் பொறுக்க உட்கார்ந்துவிட்டேன்.