தேர் நாளில் நான் கட்டிய நூல்

விசில் என் கைக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத் தாவணிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, தெரு முனைக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டேன். சாதாரணத் தகர விசில். உள்ளே உருளும் தக்கை பாதி கரைந்திருந்தது. எனக்கு முன்னால் பதினோரு பேர் ஊதிய எச்சில் வேறு. அதனால் என்ன? ராஜாக்களுக்குச் செங்கோலைக் கழுவியா கொடுத்திருப்பார்கள்?

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் நான் ஒன்பதாவது படித்த பெண்கள் பள்ளிக்கு ஒரு டிரில் டீச்சர் மாற்றலாகி வந்தார். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும், இஷ்டப்பட்டவர்கள் மைதானத்துக்கு வரலாம், ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். பெண் பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. குழுவுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊர் எங்களுக்கு வைத்த பெயர் நாலு மணிப் படை.

பன்னிரண்டு பேர் இருந்தோம். வாரம் ஒருத்தி தலைவி, அதுவும் சீட்டுக் குலுக்கி. விசில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவள் சொல்வதுதான் சட்டம். டீச்சர் கூடவே வருவார், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். ஏதாவது குளறுபடியாகி, "டீச்சர், இப்ப இன்னா பண்றது?" என்று ஓடினால், "என்ன ஏன்மா கேக்கற? விசில் எங்கிட்டயா இருக்குது?" என்பார். எனக்கு அப்போது அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது.

குளறுபடிகளுக்குக் குறைவே இல்லை. ஒரு வாரம் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கார்டு எழுதிக் கொடுத்தோம். அந்த வாரத் தலைவி ரொம்ப நல்லவள். யாராவது கோபமாகச் சொன்னால் அதையெல்லாம் விட்டுவிட்டு 'நலம், நலமறிய ஆவல்' என்று மட்டும் எழுதும்படி உத்தரவு போட்டாள். பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் பதில் கார்டோடு வந்து நின்றார். "இனிமே எம் மூஞ்சில முழிக்காதன்னு மாப்பிள்ளைக்கு எழுதச் சொன்னேன். அவன் குடும்பத்தோட நாளைக்கே வரானாம். இன்னாத்தம்மா எழுதினீங்க?" என்றார். டீச்சர் சட்டென்று குடையோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குடை குலுங்கிக்கொண்டே இருந்தது.

இப்படிப்பட்ட படையில் எனக்கு விசில் வந்தது பங்குனித் தேர் வாரத்தில். தேர் நாளன்று எங்கள் தெரு முனையில் தண்ணீர்ப் பந்தல் எங்கள் பொறுப்பு. தண்ணீரும் மோரும் கொடுப்பது ஒரு வேலை. தேர் திரும்பும் நேரத்தில் கூட்டம் பந்தலுக்குள் புகுந்து குழந்தைகளை நசுக்காமல் வரிசையில் நிறுத்துவது இன்னொரு வேலை. முதல் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவதற்குத்தான் தலைவி வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவிடமும் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். தறி வீட்டில் நாலு மணி என்பது பெண் பிள்ளைகள் தார் சுற்றுகிற நேரம். பாவுக்குக் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில், ராட்டையைச் சுழற்றிப் பட்டு நூலைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால்தான் தறி ஓடும். மூன்று மாதமாக என் பங்கையும் அம்மாதான் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா தறிக் குழிக்குள் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தேரன்னிக்கு நானே வந்து பாக்கறேன். நீ சொல்லி அந்தக் கூட்டம் நின்னா, நீ உன் படைக்குப் போய்க்கினே இரு. நிக்கலைன்னா மறுநாள்ல இருந்து நாலு மணிக்கு ராட்டை முன்னாடி உக்காரணும். சரியா?"

"சரிப்பா" என்றேன், என்னவோ கூட்டத்தை நிறுத்துவது எனக்குப் பரம்பரைத் தொழில் மாதிரி. ராத்திரி படுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டது என்ன என்று உறைத்தது. நாலு மணிப் படை இல்லாமல் போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

மறுநாள் கயிறு தேடினோம். பள்ளிக்கூடத்து வடக்கயிற்றை எலி தின்றிருந்தது. எங்கள் படையில் தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி இருந்தாள். ஏரிக்கு அந்தக் கரையில் மாடு மேய்ப்பவனை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். நான் முக்கியமாக ஏதாவது பேசும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். அதனால் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "எங்க வீட்ல கவலைக் கயிறு இருக்குதுடி. கிணத்துல மாடு கட்டி இழுக்கறது. யானையே வந்தாலும் நிக்கும். நாளைக்கு எடுத்துக்கினு வரேன்" என்றாள்.

அவள் கயிற்றால் நான் ஜெயிப்பதா? "கயிறெல்லாம் எதுக்கு? நூலே போதும்" என்றேன்.

"நூலா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் மைதானத்துக் காக்கை பறந்தது.

அவள் சிரித்தாளே தவிர, தறி வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். காரணம் உண்டு. எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு நீட்டுவார்கள். ஒரு சேலைத் தறிக்கான நெடுக்கு நூல் அத்தனையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதை யாரும் தாண்ட மாட்டார்கள். பால்காரர் சுற்றிக்கொண்டு போவார். சைக்கிள்காரர் இறங்கிவிடுவார். எங்கள் தெரு நாய்கூடக் கடைசி வரை நடந்து திரும்பி வரும். தவழ்கிற வயதில் அந்தப் பக்கம் காலைத் தூக்கினாலே கணுக்காலில் ஒரு தட்டு விழும். இழை அறுந்தால் யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்து பிணைக்க வேண்டுமே. கட்டிய நூலைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போல. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நானாவது சின்னப் பெண். தறியில் மிஞ்சிய முனை நூலைக் கேட்டபோது அப்பாவும் அல்லவா தலையாட்டினார்! "நல்ல யோசனைதான். எவன் தாண்டுவான்?" என்றார்.

தேர் நாள் வந்தது. பந்தலுக்கு முன்னால் இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, அரக்கும் கிளிப்பச்சையுமாக நூலைப் பத்துப் பன்னிரண்டு கஜத்துக்கு முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினோம். ஒரு கோடியில் மட்டும் வழி. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தெருப் பக்கம் நின்றேன். அப்பா எதிர்ச் சாரியில் சோடாக் கடை ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பறக்கிற மாதிரி இருக்கிறது. கூட்டம் வருகிறது, முட்டி மோதி வருகிறது, நூலைப் பார்க்கிறது, நின்றுவிடுகிறது! மேளம் அடித்தாலும் நகராத பெரிய பெரிய ஆட்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோடி எங்கே என்று தேடிச் சுற்றிப் போனார்கள். ஒருவர் என்னிடம், "யார் வூட்டு பாவும்மா? தேரன்னிக்கா நீட்டுவாங்க?" என்று கோபித்துக்கொண்டார். ஒரு குழந்தை இழுத்து நாலு இழை அறுந்தது. உடனே மூன்று பேர், ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள், குந்தி உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தேர் வரும் சத்தம் கேட்கிறது, அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், "என்னாய்யா முடிச்சு இது?" என்று மற்றவரைத் திட்டினார். நான் எதிர்ச் சாரியைப் பார்த்தேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். இனி ஆயுள் முழுக்க நாலு மணி என்னுடையதுதான் என்று எனக்குள் ஒரே கும்மாளம்.

அப்போதுதான் மேற்கேயிருந்து பஸ் வந்து நின்றது.

தாமல், திருப்புட்குழிப் பக்கத்து ஜனம். கூரையிலிருந்துகூட இறங்கினார்கள். வெயிலில் வந்த தாகம், கண்ணெதிரே மோர்ப் பந்தல். நடுவில் என்ன இருக்கிறது? நூல். வயல்காட்டில் வரப்பைத் தாண்டுகிற கால்கள் அதைக் கவனிக்கவே இல்லை. நேராக வந்தார்கள், நடந்தே வந்தார்கள். பட்டுப் பட்டென்று இழைகள் போயின. எங்கள் தெருக்காரர்கள், "ஐயோ பாவு! பாவு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு எதற்கு இந்தக் கூப்பாடு என்றே புரியவில்லை. நான் ஊதினேன். நீளமாக, டிரில் வகுப்பில் ஊதுகிற மாதிரி. வெடிச் சத்தத்திலும் மேளத்திலும் அது எனக்கே கேட்கவில்லை.

பந்தலுக்குள் செங்கல் மேல் இருந்த மோர் அண்டா ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். எனக்கும் அதற்கும் நடுவே, அறுந்தது போக மிச்சம் இருபது இழை. காலைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். கால் கீழே வந்துவிட்டது. மறுபடி தூக்கினேன், மறுபடி அதே கதை. கடைசியில் நான் என்ன செய்தேன் என்றால், நூலை ஒட்டியே கடைசிக் கட்டை வரை ஓடி, சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தேன். தலைவி ஓடினால் படை சும்மா இருக்குமா? தறி வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் என் பின்னால், ஒருத்தி பின் ஒருத்தியாக, நூலைச் சுற்றி ஓடி வந்தார்கள். சாமிக்கு முன்னால் நாங்கள் ஒரு தனி ஊர்வலம் விட்டோம்.

தாமல்காரி ஒரே எட்டில் நூலைத் தாண்டி அண்டாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "தூர நில்லுங்க! ஏய், நில்லுங்க!" என்று கத்திய அவள் ஏரிக் குரலே போதவில்லை. மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "விசிலக் குடுடி!"

கொடுக்க எனக்கு மனமே இல்லை. எதிர்ச் சாரியில் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். கழற்றினால் எல்லாம் முடிந்தது. ஆனால் அந்தக் குழந்தை வீறிட்டது. விசில் கயிறு ஜடையில் சிக்கிக்கொள்ள, ஜடையோடு இழுத்துக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு அண்டாவை நான் பிடித்தேன்.

அவள் ஊதினாள். நீளமாக இல்லை. கண்டக்டர் ஊதுகிற மாதிரி வெடுக்கென்று ஒரே ஒன்று. "எல்லாரும் லைன்ல ஏறு! முன்னாடி போ, முன்னாடி போ! வழியில நிக்காத!"

அத்தனை பேரும் நின்றார்கள். நின்றது மட்டுமா, தினம் தினம் பஸ்ஸில் பழகின உடம்பு, ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு வரிசையாகிவிட்டார்கள். ஒருவர் மடியில் கையை விட்டு, "டிக்கெட் எவ்ளோம்மா?" என்றார். அவள் இரண்டு விசில் கொடுத்தால் வரிசை நகரும், ஒரு விசிலுக்கு நிற்கும். அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி நான் சிரித்த சிரிப்பில் மோர் தளும்பி என் தாவணி நனைந்தது. அவளும் சிரித்தாள். டீச்சரின் குடை எங்கேயோ கவிழ்ந்து கிடந்தது. தேர் எங்களைத் தாண்டிப் போனதை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு நான் மைதானத்துக்குப் போகவில்லை. பேச்சு பேச்சுதான். நேராக வீட்டுக்கு வந்து ராட்டை முன்னால் உட்கார்ந்தேன். அழக் கூடாது என்று இருந்தேன், மூக்கு கேட்கவில்லை. "கூட்டம் எனக்கு நிக்கலைப்பா" என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. "ஆமா, நிக்கல" என்றார் அப்பா. "ஏம்மா, அண்டா கவுந்துக்கினு இருக்குது. அப்பக்கூட நீ நூலத் தாண்டலையே. ரெண்டு தரம் காலத் தூக்கிட்டு வெச்சுட்டியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. எதை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று ராத்திரி பூராவும் வேண்டிக்கொண்டேனோ, அதைத்தான் சரியாகப் பார்த்திருக்கிறார்.

"நீ விசிலு, படைன்னு போய்ப் போய், நம்ம தறிய ஒருநாள் எட்டி உதைச்சுட்டுப் போயிடுவியோன்னு நெனச்சேன்மா. அதான் எனக்கு பயம். கூட்டம் நின்னா எனக்கின்னா, நிக்காட்டி எனக்கின்னா?" உடனே அதட்டினார். "எழுந்து போ. மணி ஆவுது."

தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, ராட்டை முன்னால் தானே உட்கார்ந்தார். அவருக்குத் தார் சுற்றி எவ்வளவு காலமோ, முதல் சுற்றிலேயே இழை அறுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பது கேட்டது. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

மைதானம் போய்ச் சேர்ந்தபோது நாலரை. விசில் இன்னும் தாமல்காரி கழுத்தில்தான் இருந்தது. என் வாரம் முடிய இரண்டு நாள் பாக்கி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "லேட்டு. கடைசியில போய் நில்லு" என்றாள்.

போய் நின்றேன்.