வீடியோவில் வந்த கை

கையால் செய்த மோதிரம் என்று எங்கள் பட்டறை வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. யார் கை என்று எழுதவில்லை.

பட்டறை பெரிய முதலியார்சாவடியில். வெள்ளிக் கம்பியை நெருப்பில் காட்டி வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, இரும்புக் கூம்பில் மாட்டிச் சுத்தியால் தட்டுவேன். பிறகு அரம், உப்புத்தாள், கடைசியில் பாலிஷ். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு மரக்காணத்தில் அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்தேன். அங்கே வெடித்த கை இங்கே சூடும் ஆசிட்டும் பட்டு இன்னும் கேவலமானது. தங்கலும் பட்டறைக்குப் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஆர்டர் இருக்கும். ஊருக்குத் தீபாவளிக்குப் போனதோடு சரி.

மாசியில், விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கப் போவதாக முதலாளியம்மா சொன்னார். மோதிரம் செய்யும் கை மட்டும்தான் தெரியுமாம். முகம் வராவிட்டால் போகட்டும், கை என்னுடையதுதானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் உப்பளம் பூராவும் சொல்லிவிட்டாள்.

கேமராக்காரர் வந்தார். என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். முதலாளியம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“உன் கை வேணாம்மா. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

பில் போடும் பெண்ணை என் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவளுக்குச் சுத்தியைப் பிடிக்கவே தெரியாது. அதையும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். நான் தட்டி முடித்த மோதிரத்தின் மேல், குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல, அவள் சுத்தியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அந்தப் பெண் ஒரு பாவமும் செய்யவில்லை, தெரியும். இருந்தும் அவள் விரலில் ஒரு அடி விழட்டும் என்று நினைத்தேன். அதுவும் விழவில்லை.

வீடியோ வந்த அன்றைக்கே அம்மா பேசினாள். உப்பள மேஸ்திரியின் ஃபோனில் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்களாம். அது என் கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“கை எப்படி ஆறிப்போச்சுடி உனக்கு. உன்ன இங்கேருந்து அனுப்பினது வீண் போவல.”

ஆமாம்மா என்றேன்.

ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டாள். பட்டறையில் லீவு கொடுத்திருந்தார்கள். கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.