அடியில் கிடந்த பட்டை

எங்கள் மூலிகைத் தேநீர் கம்பெனியில் எல்லாரும் அவரை 'நாக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் நேருக்கு நேராக. பதினாறு வருடங்களாக ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. கரண்டியில் எடுத்துக் காது கூசும் சத்தத்தோடு உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், வாளியில் துப்பிவிடுவார். ஒரு சொட்டு விழுங்கமாட்டார். தூளைத் தராசில் நிறுத்து, வெந்நீர் ஊற்றிக் கோப்பைகளை வரிசையாக வைப்பது என் வேலை.

"வீட்டுக்காரர் போடுற டீயையும் துப்பிடுவீங்களாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதைத்தான் முதல்ல துப்பணும்" என்றார்.

அப்படிப்பட்டவரைக் காய்ச்சல் பத்து நாள் படுக்கவைத்துவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று முகமே சரியில்லை. உப்பு, புளிப்பு எல்லாம் நாக்குக்குத் திரும்பிவிட்டதாம். மரவாசனைதான் சந்தேகமாம். மகளுடைய பென்சிலைச் சீவிச் சீவி முகர்ந்து பார்த்திருக்கிறார்.

"இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார்.

எங்கள் கம்பெனி பிழைப்பதே மரப்பட்டையும் வேரும் கலந்த தேநீரால்தான். அந்த வாசனை தெரியாவிட்டால் அவருக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதற்கு முன் வாயைக் கொப்பளித்தார். நான்காவதைத் துப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இலைதான் தெரியுது. நாலுலயும் மரம் தெரியல."

'நன்று' என்று எழுதிவைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் நேராகப் போய் மேனேஜரைக் கூட்டிவந்தார்.

"என் நாக்கு போயிடுச்சு சார். வேற ஆளப் பாருங்க."

மேனேஜர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "எனக்கு எப்பவுமே எல்லாம் வெந்நீர்தாம்மா" என்று தலையைச் சொறிந்தார்.

அக்காவின் கண் தராசுப் பக்கம் போனது. "பட்டை டப்பாவ யார் திறந்தது?"

"நான்தாங்க்கா. நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கட்டும்னு."

"கவுத்துக் குலுக்குனியா?"

"எதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அது இலையும் பட்டையும் கலந்த டப்பா; நாலு கோப்பைக்கும் அதிலிருந்துதான் எடுத்திருந்தேன். பட்டை கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். மேலே இலை மட்டும்தான் நிற்கும். இவ்வளவு நாளும் அந்த டப்பாவை அவரே குலுக்கித்தான் என்னிடம் தருவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினார். பட்டைத் துண்டுகள் கடகடவென்று உருண்டன. இந்த முறை என்னிடம் தராமல் அவரே நிறுத்தார், அவரே ஊற்றினார். ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டும். மூன்று பேரும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"மழையில நனைஞ்ச கதவு வாசம்" என்றார். "கடைசில லேசா இனிப்பு."

அப்பாடா என்றிருந்தது. மேனேஜர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்ன என்னதான் செய்யறது" என்று அக்கா கரண்டியால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் பழக்கதோஷத்தில் வாளியை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.