கஸ்தூரி மேடமும் தேக்கு பெஞ்சுகளும்

செவ்வாய்க்கிழமை காலை கஸ்தூரி மேடத்தின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." அப்போதும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு வார்த்தை பேசி முடிக்க வேண்டியிருந்தது, அதற்குள் கிளம்பிவிட்டார்.

வேங்கிக்காலில் எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர், அவர் துணைச் செயலாளர். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் போல என் பொறுமையைச் சோதித்தவர் வேறு யாருமில்லை. இது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பூங்காவுக்கு இரண்டு தேக்கு பெஞ்சுகள் செய்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஆசாரி, "வார்னிஷ் அடிச்சா கண்ணாடி மாதிரி மின்னும் மேடம்" என்றார்.

"வெயில்ல எவ்ளோ நாளைக்கு மின்னும்?"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மேடம் நான்கு தேக்குத் துண்டுகளை வாங்கிப்போய் தன் மொட்டை மாடியில் வைத்தார். ஒன்றில் வார்னிஷ், ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், ஒன்றில் கடையில் விற்கும் தேக்கு எண்ணெய், ஒன்று வெறும் கட்டை. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும் என்றார்.

"ஒரு பெஞ்சுக்கு ஒரு வருஷமா மேடம்?"

"ரெண்டு பெஞ்சு சார்."

கண் ஆபரேஷனுக்காக அவர் வேலூர் போயிருந்தபோது, ஆசாரியைக் கூப்பிட்டு வார்னிஷ் அடித்துவிட்டேன். பெஞ்சுகள் பளபளத்தன. திரும்பி வந்தவர் கையால் தடவிப் பார்த்தார்.

அடுத்த கோடையில் வார்னிஷ் வெடித்தது. மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து செதில் செதிலாக உரிந்தது. உட்கார்ந்தவர்களின் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டியது. மேடம் உப்புத்தாளோடு வந்தார். ஐந்து நாள் காலையில் இருவரும் பெஞ்சுகளைத் தேய்த்தோம்.

"இப்பவாவது சொல்லுங்க, இன்னாதான் அடிக்கறது?"

துண்டுகளை எடுத்து வந்து காட்டினார். வார்னிஷ் உரிந்திருந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசியது கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. தேக்கு எண்ணெய் பூசியது பரவாயில்லை; ஆனால் அடிக்கடி பூச வேண்டும். வெறும் கட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. மற்றபடி குறையே இல்லை.

"ஒண்ணும் வேணாம் சார். அப்பப்ப சோப்புத் தண்ணில கழுவினா போதும்."

கையிலிருந்த உப்புத்தாளைத் தூக்கி எறிந்தேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவா இத்தனை நாள்!

அந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் கோபமாக இருந்தீர்கள். "யாரைக் கேட்டு வார்னிஷ் அடிச்சீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். நான் எழுவதற்குள் மேடம் எழுந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணோம். தப்புதான்."

வெளியே வந்ததும், "எதுக்கு மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "கழுவின பெஞ்சு காஞ்சிடுச்சா, போய் பாருங்க" என்று நடையைக் கட்டினார். அதன்பின் எத்தனையோ முறை அந்தப் பேச்சை எடுத்தேன். ஒருமுறைகூட அவர் அதை முடிக்க விடவில்லை.

இப்போது தடுக்க அவர் இல்லை. வார்னிஷ் அடித்தது நான் மட்டும்தான். அவருக்குத் தெரியாமல் அடித்தேன். எதையும் கண்ணால் பார்க்காமல் சொல்லாத ஒரு மனுஷி, எனக்காக ஊர் முன்னால் ஒரு பொய் சொன்னார். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பொய் ஒன்றைத்தான்.